ஞாயிறுப் பாடசாலையும் நன்கொடையாளரும்

கல்வி வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பாடசாலைகளை நிறுவியோரின் பெயர்களையும், பாடத்திட்டங்களையும், அரசாங்கச் சட்டங்களையுமே ஆராய்வர். பாடசாலைக்கு வேண்டிய பணம் எங்கிருந்து வந்தது, எவ்வகையில் திரட்டப்பட்டது, அதனைக் கொடுத்தோர் எதனை எதிர்பார்த்தனர் என்னும் வினாக்கள் அத்துணைக் கவனத்தைப் பெறுவதில்லை. ஆயினும் ஒரு பாடசாலையின் உள்ளியல்பை அறிவதற்கு அதன் கணக்குப் புத்தகம் நல்லதொரு திறவுகோலாகும். இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுவது, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்திலே தோன்றி, பின்னர் ஐக்கிய அமெரிக்காவில் விரிந்த ஞாயிறுப் பாடசாலை இயக்கமாகும். நம் நாட்டுக் கிறித்தவர் ஓய்வுநாட் பாடசாலை என வழங்குவதும் இதனையே.

இன்று ஞாயிறுப் பாடசாலை என்றதும் திருச்சபைப் பிள்ளைகளுக்கான சமய வகுப்பே நம் நினைவுக்கு வரும். தொடக்கத்தில் நிலைமை அவ்வாறிருக்கவில்லை. வேறெந்தப் பாடசாலைக்கும் செல்ல இயலாத பிள்ளைகளுக்கு எழுத்தறிவு கிடைத்த ஒரே இடமாக அது விளங்கியது. அப்பிள்ளைகளை எட்டுவதற்கென்றே திருச்சபைகள் பணந்திரட்டின. எட்டப்படவேண்டியோர் யாவர், அவர்களுக்கு எவ்வளவு கல்வி போதுமானது என்பவற்றை அப்பணம் எவ்வாறு வரையறுத்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு சிலிங்கில் ஒரு பாடசாலை

குளொஸ்ரர் நகரம் அக்காலத்தில் குண்டூசித் தொழிலுக்குப் பெயர் பெற்றிருந்தது. வறியோரின் பிள்ளைகள் வாரத்தில் ஆறு நாட்களும் அத்தொழிலில் உழைத்தனர். ஏழாம் நாளாகிய ஞாயிறு மட்டுமே அவர்களுக்குச் சொந்தமாயிருந்தது. அந்நாளில் அவர்கள் தெருக்களிற் கூச்சலிட்டுத் திரிந்ததை நகரத்தின் கனவான்கள் பெருந்தொல்லையாகக் கருதினர். குளொஸ்ரர் ஜேர்னல் என்னும் பத்திரிகையின் உரிமையாளராகிய றொபேட் றெயிக்ஸ், சிறைச்சாலைச் சீர்திருத்தத்தில் ஏற்கெனவே ஈடுபட்டிருந்தவர். குற்றவாளிகளைத் திருத்துவதிலும் குற்றம் தோன்றுமுன் பிள்ளைகளைத் திருத்துவது எளிது என எண்ணிய அவர், 1780ஆம் ஆண்டில், தோமஸ் ஸ்ரொக் என்னும் குருவானவரின் துணையோடு இம்முயற்சியைத் தொடங்கினார். கற்பிக்கத் தகுந்த பெண்கள் நால்வரை ஒழுங்குசெய்து, தாம் அனுப்பும் பிள்ளைகளுக்கு ஞாயிறு முழுவதும் வாசிப்பும் வினாவிடையும் கற்பிப்பதற்கு ஒவ்வொருவருக்கும் ஒரு சிலிங் கொடுத்தார்.

இவருக்கு முன்னரும் இத்தகைய முயற்சிகள் நிகழ்ந்துள்ளன. ஹை விக்கம் என்னும் ஊரில் ஹன்னா போல் என்னும் மெதடிஸ்தப் பெண்மணி 1769ஆம் ஆண்டிலேயே இவ்வாறான பாடசாலையொன்றை நடத்தினார். எனினும் றெயிக்ஸிடம் மற்றையோரிடம் இல்லாத ஒரு கருவி இருந்தது. அதுவே பத்திரிகை. 1783ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அவர் தம் பத்திரிகையில், தம் பெயரைக் கூறாமலே, இம்முயற்சி பற்றிய குறிப்பொன்றை வெளியிட்டார். சில ஆண்டுகளுள் நாடெங்கும் இவ்வகைப் பாடசாலைகள் எழுந்தன. கொடுப்போரின் மனத்தைத் தொடுவதற்கு அச்செழுத்து எத்துணைப் பயன்படும் என்பதை இவ்வியக்கம் தன் பிறப்பிலேயே கற்றுக்கொண்டது எனலாம்.

சந்தாவும் தருமப் பிரசங்கமும்

வில்லியம் பொக்ஸ் என்பவர் இலண்டனில் வாழ்ந்த துணி வணிகர். பப்டிஸ்த சபையைச் சேர்ந்தவர். ஏழைகள் யாவரும் விவிலியத்தைத் தாமே வாசிக்கவேண்டும் என்பது அவருடைய விருப்பம். இதற்காக நாடு முழுவதும் நாளாந்தப் பாடசாலைகளை அமைக்க அவர் முதலில் எண்ணினார். அதற்காகும் செலவு அவரை மலைக்க வைத்தது. றெயிக்ஸோடு கடிதத் தொடர்பு கொண்டபோது, வாரத்தில் ஒரு நாள் மட்டும் நடைபெறும் பாடசாலைக்கு மிகச் சொற்பமான செலவே ஏற்படும் என்பதை அறிந்து தம் திட்டத்தை மாற்றிக்கொண்டார். 1785ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஞாயிறுப் பாடசாலைச் சங்கம் உருவாயிற்று. ஞாயிறு தெரிந்தெடுக்கப்பட்டமைக்குச் சமயம் மட்டுமே காரணமன்று என்பதை ஈண்டு நோக்குதல் வேண்டும். பிள்ளையின் உழைப்பை ஆறு நாட்களுக்கு இழக்க ஆலை முதலாளியோ வறிய பெற்றோரோ ஆயத்தமாயிருக்கவில்லை. ஆறு நாட்களுக்குமான ஆசிரியச் சம்பளத்தைக் கொடுக்க உபகாரிகளும் ஆயத்தமாயிருக்கவில்லை. எஞ்சியது ஞாயிறு ஒன்றே.

இச்சங்கத்தின் செயற்குழுவில் இங்கிலாந்துத் திருச்சபையினரும் அதனின்று விலகிய சபைகளைச் சேர்ந்தோரும் சம அளவில் இடம்பெற்றனர். வணிகரும் வங்கியாளரும் சந்தாதாரர் ஆயினர். பணந்திரட்டும் முறைகள் இரண்டு. ஒன்று ஆண்டுச் சந்தா. கொடுத்தோரின் பெயரும் தொகையும் ஆண்டறிக்கையில் அச்சிடப்பட்டன. அயலவரின் பெயருக்கு எதிரே ஒரு தொகை இருப்பதைக் காண்பவர் தாம் அதனிற் குறைத்துக் கொடுக்க நாணுவர் என்பதை அமைப்பாளர் அறிந்திருந்தனர். மற்றையது தருமப் பிரசங்கம். பெயர்பெற்ற போதகர் ஒருவர் அழைக்கப்படுவார். பிள்ளைகள் தூய ஆடை அணிந்து ஆலயத்தின் மேன்மாடத்தில் வரிசையாக அமர்ந்து, அந்நாளுக்கென இயற்றப்பட்ட பாடல்களைப் பாடுவர். பிரசங்கத்தின் முடிவிற் காணிக்கைத் தட்டு வலம்வரும். இவ்வாறு பிள்ளைகளே தம் பாடசாலைக்கான வேண்டுகோளாகச் சபை முன் நிறுத்தப்பட்டனர்.

சங்கத்தின் பணத்தில் பெரும்பகுதி ஆசிரியரின் கூலிக்கே சென்றது. தொடங்கி ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுள் 4,000 பவுணுக்கு மேல் இவ்வாறு செலவாயிற்று. பாடசாலைகள் பெருகப் பெருகச் செலவும் பெருகியது; சந்தா அந்த வேகத்திற் பெருகவில்லை. இந்நெருக்கடிக்கு விடை கண்டவர்கள் வட இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் வாழ்ந்த மெதடிஸ்தர். போல்ரன் நகரில் 1780களின் பிற்பகுதியிலேயே அவர்கள் கூலி பெறாது கற்பித்தனர். ஜோன் வெஸ்லி அதனைக் கண்டு மகிழ்ந்து பாராட்டினார். 1803ஆம் ஆண்டில் இலண்டனில் நிறுவப்பட்ட ஞாயிறுப் பாடசாலை ஒன்றியம் தொண்டாசிரியரையே தன் அடித்தளமாகக் கொண்டது. பணமுடை காரணமாகப் பிறந்த இம்மாற்றம் இயக்கத்தின் இயல்பையே மாற்றிவிட்டது. கற்பிப்பவர் கூலியாளாக இருந்த நிலை போய், பிள்ளைகளின் தெருவிலேயே வாழ்ந்த தொழிலாளி ஆசிரியரானார்.

வாசிப்புப் போதும், எழுத்து வேண்டாம்

கொடுப்போரின் விருப்பம் பாடத்தை எவ்வாறு வரையறுத்தது என்பதற்கு ஹன்னா மோர் என்னும் எழுத்தாளரின் முயற்சி தக்க சான்றாகும். அடிமை வாணிபத்துக்கு எதிராகப் போராடிய வில்லியம் வில்பர்போஸ் 1789ஆம் ஆண்டில் செடர் என்னும் கிராமப் பகுதிக்குச் சென்று, அங்குள்ள மக்களின் வறுமையையும் அறியாமையையும் கண்டு வருந்தினார். பாடுபட ஹன்னா மோரும் அவர் தங்கை மார்த்தாவும் ஆயத்தமாயின், செலவைத் தாம் ஏற்பதாக வில்பர்போஸ் கூறினார். அவ்வாறே செடரிலும் சூழவுள்ள மென்டிப் குன்றுக் கிராமங்களிலும் பாடசாலைகள் எழுந்தன.

எனினும் பணம் மட்டும் போதவில்லை; அவ்வூர்ப் பெரும் பண்ணையாளரின் இசைவும் வேண்டியிருந்தது. சமயம் ஏழைகளைச் சோம்பேறிகளாக்கிப் பயிர்த்தொழிலைக் கெடுத்துவிடும் என அவர்களுள் ஒருவர் வெளிப்படையாகவே கூறினார். இத்தகையோரிடம் ஹன்னா மோர் விவிலியத்தைப் பற்றிப் பேசவில்லை. தம் திட்டம் நிறைவேறினால் அவர்களுடைய பழத்தோட்டங்கள் திருட்டுக்குத் தப்பும், முயல்கள் களவுபோகமாட்டா, ஏழைகளுக்கெனச் செலுத்தும் வரியும் குறையலாம் என்றே எடுத்துரைத்தார். இவ்வாறு பெற்ற இசைவுக்கு ஓர் எல்லையும் இருந்தது. பிள்ளைகளுக்கு வாசிப்புக் கற்பிக்கப்பட்டது, எழுத்துக் கற்பிக்கப்படவில்லை. வாசிப்பவன் சொல்லப்பட்டதை ஏற்றுக்கொள்வான். எழுதுபவனோ தானும் சொல்லத் தொடங்குவான். பிரான்சியப் புரட்சியும் தோமஸ் பெயினின் நூல்களும் ஆளும் வகுப்பினரை அச்சுறுத்திய அக்காலத்தில் இவ்வேறுபாடு அற்பமானதன்று.

இத்துணை எச்சரிக்கையும் ஐயத்தை நீக்கவில்லை. 1800ஆம் ஆண்டில் றொச்செஸ்ரர் அத்தியட்சர் சாமுவேல் ஹோர்ஸ்லி, விலகிய சபைகளின் ஞாயிறுப் பாடசாலைகளுட் சில புரட்சிக் கருத்தின் நாற்றுமேடைகளாக உள்ளன எனக் கண்டித்தார். அதே காலத்தில் பிளாக்டன் கிராமத்தில் ஹன்னா மோரின் பாடசாலை பற்றி எழுந்த சச்சரவு, துண்டுப்பிரசுரப் போராக வளர்ந்து நாடெங்கும் பேசப்பட்டது. ஏழைக்குக் கல்வி கொடுப்போர் மீது செல்வந்தர் கொண்ட அச்சம், கொடுக்கப்பட்ட கல்வியின் அளவைக் காட்டிலும் பெரிதாயிருந்தது.

ஸ்ரொக்போட் தந்த வேறொரு விடை

இதற்கு மாறான வரலாறு பருத்தி ஆலைகள் நிறைந்த ஸ்ரொக்போட் நகரில் நிகழ்ந்தது. அங்கு 1784ஆம் ஆண்டில் தொடங்கிய ஞாயிறுப் பாடசாலை, பின்னர் எந்தச் சபையின் கட்டுப்பாட்டுக்கும் உட்படாத தனி நிறுவனமாக வளர்ந்தது. 1805ஆம் ஆண்டில் அதற்கெனப் பெருங்கட்டடம் ஒன்றின் வேலை தொடங்கியது. 1830களில் அங்கு 5,000 பிள்ளைகளுக்கு மேல் கற்றனர். உலகின் மிகப் பெரிய ஞாயிறுப் பாடசாலை என அது புகழ்பெற்றது. அதன் ஆசிரியரிற் பலர் அதே பாடசாலையிற் பயின்றவர்கள். ஆண்டுதோறும் நிகழ்ந்த பிரசங்கக் காணிக்கையில் நகரத்து ஆலை முதலாளிகளின் பொன்னோடு தொழிலாளரின் செப்புக் காசுகளும் சேர்ந்தன.

இப்பாடசாலையில் ஞாயிற்றுக்கிழமைகளிலும் எழுத்துக் கற்பிக்கப்பட்டது. ஓய்வு நாளில் எழுதக் கற்பிப்பது திருநாளை மாசுபடுத்துவதாகும் என வெஸ்லியன் மெதடிஸ்தரின் தலைவராகிய ஜேபெஸ் பன்ரிங் முதலியோர் வாதிட்டனர். எழுதக் கற்க அப்பிள்ளைகளுக்கு வேறு நாள் எது என்பதே நகரத்தாரின் மறுமொழியாயிருந்தது. பணம் பல கைகளிலிருந்து வந்தமையால், எந்த ஒரு கையும் எழுத்தைத் தடுக்கக்கூடிய வலிமை பெறவில்லை என்பது கவனித்தற்குரியது.

காலப்போக்கில் பெறுவோராகிய பிள்ளைகளே கொடுப்போராகவும் மாறினர். பசுபிக் தீவுகளில் கொல்லப்பட்ட மிசனரியான ஜோன் வில்லியம்ஸின் பெயரால் 1844ஆம் ஆண்டில் இலண்டன் மிசனரிச் சங்கம் கப்பல் ஒன்றை வாங்கியது. அதற்கான 6,000 பவுணுக்கு மேற்பட்ட தொகை பிள்ளைகள் திரட்டிய சில்லறைக் காசுகளாலானது. ஒரு தலைமுறைக்கு முன் தருமத்தின் பொருளாக மேன்மாடத்தில் நிறுத்தப்பட்ட வகுப்பினரின் பிள்ளைகளும் இப்போது தொலைதூரத்துப் பிள்ளைகளை எட்டுவதற்குப் பணங்கொடுத்தனர்.

மிசிசிப்பிப் பள்ளத்தாக்கை நோக்கி

அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால், பிலடெல்பியா நகரில் 1790ஆம் ஆண்டில் ஞாயிறுப் பாடசாலைக்கான முதற் சங்கம் அமைந்தது. மருத்துவர் பென்ஜமின் றஷ், எப்பிஸ்கோப்பல் அத்தியட்சர் வில்லியம் வைற், கத்தோலிக்க நூல் வெளியீட்டாளர் மத்தேயு கேரி ஆகியோர் அதில் ஒன்றுகூடினர். அங்கும் கூலி ஆசிரியரே முதலிற் கற்பித்தனர். பின்னர் தொண்டாசிரியர் வந்தனர். 1824ஆம் ஆண்டில் பல சபைகளையும் சேர்ந்த பொதுமக்களால் அமெரிக்க ஞாயிறுப் பாடசாலை ஒன்றியம் நிறுவப்பட்டது.

1830ஆம் ஆண்டு மே மாதம் இவ்வொன்றியம் துணிகரமான தீர்மானம் ஒன்றை நிறைவேற்றியது. இரண்டு ஆண்டுகளுள் மிசிசிப்பிப் பள்ளத்தாக்கு முழுவதிலும், இயலுமான இடமெங்கும், பாடசாலையற்ற ஒவ்வோர் ஊரிலும் ஞாயிறுப் பாடசாலை ஒன்றை அமைப்பதே அத்தீர்மானம். அலகெனி மலைகளுக்கு மேற்கே குடியேறியோரின் பிள்ளைகள் கல்வியும் சமயமும் இன்றி வளர்கின்றனர் என்றும், நாளைய வாக்காளராகிய அவர்களைக் கைவிட்டாற் குடியரசே கெட்டுவிடும் என்றும் கிழக்கு நகரங்களில் வேண்டுகோள் எழுந்தது. நியூயோர்க் வணிகர் ஆதர் ரப்பான் பெருந்தொகை அளித்தார். 1831ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் வாஷிங்ரனில் நடைபெற்ற கூட்டத்தில் டானியல் வெப்ஸ்ரர் முதலிய அரசியல் தலைவர்கள் உரையாற்றினர்.

இத்திட்டத்தில் இருவகைச் செலவுகள் முதன்மை பெற்றன. ஒன்று ஊரூராகக் குதிரையிற் சென்று பாடசாலை அமைக்கும் மிசனரிமாரின் சம்பளம். மற்றையது நூல்கள். ஒன்றியம் நூறு நூல்களைக் கொண்ட சிறு நூலகமொன்றைப் பத்து டொலருக்கு வழங்கியது. நூலகமே இல்லாத எல்லைப்புற ஊர்கள் பலவற்றுக்கு இதுவே முதல் நூலகமாயிற்று. கொடுப்பவருக்கும் இது நிறைவளித்தது. பத்து டொலருக்கு ஓர் ஊர் என அவர் கணக்கிட்டுக்கொள்ளலாம். இம்மிசனரிமாருள் பிற்காலத்திற் பெயர்பெற்றவர் ஸ்ரீபன் பக்சன். கால் ஊனமும் திக்குவாயும் உடைய இவர், தம் சிறுமகளின் வற்புறுத்தலால் ஞாயிறுப் பாடசாலைக்குச் சென்று, பின்னர் தாமே பாடசாலை அமைப்பவரானார். 1,200க்கு மேற்பட்ட பாடசாலைகளை நிறுவிய இவருடைய குதிரையின் பெயர் றொபேட் றெயிக்ஸ். இவர் அவ்வப்போது கிழக்கு நகரங்களுக்குச் சென்று பேசி நிதி திரட்டினார்.

கொடை சென்றடையும் பிள்ளையைக் கொடுப்பவர் மனக்கண்ணிற் காணச் செய்வதே அமெரிக்கச் சபைகள் கையாண்ட உத்தி. அதன் இன்னொரு வடிவத்தை யாழ்ப்பாணம் நேரிற் கண்டது. 1816ஆம் ஆண்டு முதல் இங்கு பணியாற்றிய அமெரிக்க மிசனரிமார் நடத்திய விடுதிப் பாடசாலைகளில், ஒரு பிள்ளையின் ஆண்டுச் செலவை ஏற்கும் அமெரிக்க உபகாரி அப்பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரை இடுவதற்கு இடமளிக்கப்பட்டது. கறல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என நம் இலக்கிய வரலாற்றில் இடம்பெறும் பெயர்கள் அவ்வழக்கத்தை நினைவூட்டுகின்றன.

ஒற்றுமையின் விலை

மிசிசிப்பித் திட்டத்தின் பெருங்குறை அதன் பெருமையிலிருந்தே பிறந்தது. எல்லாச் சபைகளும், வடக்கும் தெற்கும், ஒன்றாகப் பணங்கொடுக்கும் முயற்சியில் எவரையும் புண்படுத்தாத மௌனம் தேவைப்பட்டது. எல்லாச் சபைகளுக்கும் உடன்பாடான நூல்களையே ஒன்றியம் வெளியிட்டது. சபைப் பூசல்களைத் தவிர்த்த இவ்விதி அடிமைமுறை பற்றிய பேச்சையும் தவிர்த்தது.

1831ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், வாசிக்கத் தெரிந்தவரும் போதகராக மதிக்கப்பட்டவருமான நற் ரேணர் என்னும் அடிமை வேர்ஜீனியாவில் கிளர்ச்சியொன்றை நடத்தினார். அடிமைகளுக்கு எழுத்தறிவு கொடுப்பதைத் தடுக்கும் சட்டங்கள் தென் மாநிலங்கள் சிலவற்றில் முன்னரே இருந்தன. இதன் பின்னர் அவை மேலும் கடுமையாயின. தென் கரோலினா 1834ஆம் ஆண்டில் அத்தகைய சட்டமொன்றை நிறைவேற்றியது. அதே ஆண்டில் ஜோர்ஜியாவைச் சேர்ந்த சாள்ஸ் கொல்கொக் ஜோன்ஸ் என்னும் குருவானவர், கறுப்பு மக்களுக்கென வினாவிடை நூலொன்றை வெளியிட்டார். அது வாய்மொழியாகவே கற்பிக்கப்படுவதற்கு உரியது. மென்டிப் குன்றுகளில் எழுத்து மறுக்கப்பட்டது. இங்கு வாசிப்பும் மறுக்கப்பட்டது.

ஒவ்வோர் ஊரிலும் ஒரு பாடசாலை என்ற தீர்மானம், அவ்வூர்களில் வாழ்ந்த அடிமைப் பிள்ளைகளுக்கு நூலைத் திறந்துவிடவில்லை. தெற்கின் எதிர்ப்பு எழுந்ததும், ஒன்றியம் 1848ஆம் ஆண்டில், அடிமைமுறை பற்றிய பகுதியொன்றைக் கொண்டிருந்த சிறுவர் நூலைத் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. திட்டத்துக்கு வாரிவழங்கிய ஆதர் ரப்பானே 1833ஆம் ஆண்டில் அமெரிக்க அடிமைமுறை எதிர்ப்புச் சங்கத்தின் முதல் தலைவரானார் என்பதை இங்கு நினைவுகூர்தல் பொருத்தமானது. கொடுப்போர் எல்லோரும் ஒரே மனத்தினர் அல்லர். ஆனால் எல்லோருடைய பணமும் வேண்டுமெனின், மிகக் குறைந்த நியாயத்தை ஏற்பவரின் எல்லையே எல்லோருக்கும் எல்லையாகிறது.

இதே 1830களில் மேரிலாந்தில் வேறொரு ஞாயிறுப் பாடசாலை நடைபெற்றது. அதை நடத்தியவர் பிற்காலத்திற் புகழ்பெற்ற பிரெட்ரிக் டக்ளஸ். அப்போது அவரும் ஓர் அடிமை. அவர் முதலில் ஈடுபட்ட பாடசாலையை அவ்வூர் மெதடிஸ்தத் தலைவர்கள் கூட்டமாக வந்து கலைத்தனர். 1835ஆம் ஆண்டில் அவர் விடுதலை பெற்ற கறுப்பர் ஒருவரின் வீட்டில் மறைவாக மீண்டும் கற்பித்தார். நாற்பதுக்கு மேற்பட்டோர் கசையடிக்கு அஞ்சாது வந்து கற்றனர். இச்செய்தியை அவர் 1845இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றிற் குறிப்பிட்டுள்ளார். அப்பாடசாலைக்குச் சந்தாதாரர் இல்லை, ஆண்டறிக்கை இல்லை, அதனால் எவ்வளவு கற்பிக்கலாம் என விதிப்பாரும் இல்லை.

முடிவுரை

ஞாயிறுப் பாடசாலையை மதிப்பிடுவதில் வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஈ. பி. தொம்சன் 1963ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில், தொழிலாளரின் பிள்ளைகளை ஆலை ஒழுங்குக்குப் பழக்கிய கருவியாகவே அதனைக் கண்டார். தோமஸ் லாகுவர் 1976ஆம் ஆண்டில், அது தொழிலாளர் தாமே வளர்த்த நிறுவனம் என வாதிட்டார். 1980ஆம் ஆண்டில் மல்கம் டிக் அவ்வாதத்தை மறுத்தார். மேலே கூறியவற்றை நோக்குமிடத்து, இரு கூற்றுகளும் வெவ்வேறு ஊர்களுக்குப் பொருந்துவன என்றே தோன்றுகிறது. மென்டிப் கிராமங்களைக் கொண்டு ஸ்ரொக்போட்டை அளக்க முடியாது. வேறுபாட்டின் வேர்களுள் ஒன்று பணம் எவரிடமிருந்து வந்தது என்பதாகும்.

இவ்வாறு கூறுவதால் உபகாரிகளின் ஈகை இழிவானது என்பது பொருளன்று. 1851ஆம் ஆண்டுக் குடிக்கணக்கெடுப்பின்போது இங்கிலாந்திலும் வேல்சிலும் 24 இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஞாயிறுப் பாடசாலைகளிற் பதிவு பெற்றிருந்தனர். தொடக்கக் கல்விக்கான பொதுச் சட்டம் அங்கு 1870ஆம் ஆண்டிலேயே வந்தது. இடைப்பட்ட தொண்ணூறு ஆண்டுகளில், அரசு செய்யாததைக் காணிக்கைத் தட்டு செய்தது. எனினும் தருமமாக வரும் கல்வி, தருபவரின் விருப்பம் முடியுமிடத்தில் தானும் முடிந்துவிடுகிறது. உரிமையாக வரும் கல்விக்கு மட்டுமே அவ்வெல்லை இல்லை.

இன்னொன்றையும் கூறுதல் வேண்டும். ஆண்டறிக்கைகளில் உபகாரிகளின் பெயரும் தொகையும் உள்ளன. ஆறு நாட்கள் ஆலையில் உழைத்துவிட்டு, தனக்கென எஞ்சிய ஒரே நாளை அகர வரிசைக்குக் கொடுத்த பிள்ளையின் பங்கு எந்தப் பட்டியலிலும் இல்லை. இவ்வியக்கத்தின் மிகப் பெரிய கொடையாளி அப்பிள்ளையே. அக்கொடையையும் கணக்கிற் சேர்த்து எழுதும்போதுதான் ஞாயிறுப் பாடசாலையின் வரலாறு முழுமை பெறும்.